எலிமீது பழி, எசமானருக்கு விடுதலை

2022 செப்டம்பர் 4ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் பெங்களூரில் 131.6 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அடுத்த ஒரு வாரம் நாட்டின் தொலைக்காட்சிகள் அனைத்தும் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டின. மென்பொருள் பொறியாளர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் சென்றனர். கோடிகள் விலைபோகும் மாளிகைகளின் வாசலில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. அதற்குச் சில நாள் முன்னர், ஆகஸ்ட் 30 அன்று பெய்த மழையில் வெளிவட்டச் சாலை ஸ்தம்பித்ததால் 225 கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டது என்று அச்சாலையிலுள்ள நிறுவனங்களின் சங்கம் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியிருந்தது. ஒரு நாள் வெள்ளத்தின் இழப்பை முதலாளிகள் அத்தனை விரைவாகக் கணக்கிட்டுவிட்டனர்.

அதே நீரில் வேறு சிலரும் நின்றனர். அடைத்துக்கொண்ட ராஜகாலுவையில் இறங்கிக் கையாலும் கம்பியாலும் குப்பையை அள்ளியவர்கள், மாளிகையின் கீழ்த்தளத்தில் தேங்கிய நீரை இறைத்தவர்கள், மறுநாள் வண்டலைக் கூட்டி அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், தகரக் கொட்டகைக்குள் முழங்காலளவு நீரில் இரவைக் கழித்த கட்டுமானத் தொழிலாளர்கள். அடுத்த இரண்டு வாரங்களில் இவர்களுள் எத்தனை பேருக்குக் காய்ச்சல் கண்டது? எத்தனை பேருக்குக் கெண்டைக்கால் தசை வலித்துக் கண் சிவந்தது? எத்தனை பேர் கூலி இழந்து படுத்தனர்? இந்தக் கணக்கு எந்தத் தலைப்புச் செய்தியிலும் இடம்பெறவில்லை. 225 கோடிக்குக் கிடைத்த கவனத்தில் நூற்றில் ஒரு பங்கும் இதற்குக் கிடைக்கவில்லை.

பெயரிலேயே ஒரு பழி

வெள்ளம் வடிந்தபின் வரும் அந்தக் காய்ச்சல்களுள் ஒன்றுக்குத் தமிழில் எலிக்காய்ச்சல் என்று பெயர். கன்னடத்தில் இலி ஜ்வரம். மருத்துவ நூல்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்கின்றன. எலி, பன்றி, மாடு, நாய் முதலிய விலங்குகளின் சிறுநீரகத்தில் குடியிருக்கும் சுருள்வடிவ நுண்ணுயிர் அவற்றின் சிறுநீரோடு வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் நாட்கணக்கில், சூழல் வாய்த்தால் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காலிலுள்ள வெடிப்பு, கையிலுள்ள கீறல், கண்ணின் மென்படலம் ஆகியவற்றின் வழியே மனித உடலுக்குள் நுழையும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். பலருக்கு அது தானே தணிந்துவிடும். சிலருக்கு மஞ்சள் காமாலையாகவும் சிறுநீரகச் செயலிழப்பாகவும் முற்றும். நுரையீரலுக்குள் இரத்தம் கசியத் தொடங்கினால் சில மணி நேரத்திலேயே உயிர் போகும்.

இவ்வளவு கொடிய நோய்க்கு மருந்து மிக எளியது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெனிசிலினும் டாக்சிசைக்ளினும் போதும். இரண்டும் மலிவானவை, இரண்டும் பழையவை. இருந்தும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 59 ஆயிரம் பேர் இறக்கின்றனர் என்றும் 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. மலிவான மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது இத்தனை பேர் இறப்பதற்கு எலியா காரணம்?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று கேட்கும் மொழியில்தான் இந்நோய்க்கு எலியின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. எலி நுண்ணுயிரைச் சுமக்கிறது என்பது உண்மை. ஆயினும் வெறுங்காலோடு சாக்கடையில் இறங்குமாறு எந்த எலியும் எவருக்கும் ஆணையிடவில்லை. வடிகாலை மூடிக் கட்டடம் எழுப்ப எந்த எலியும் அனுமதி வழங்கவில்லை. இவற்றையெல்லாம் செய்தவர்களின் பெயர் நோயின் பெயரில் இல்லை.

இந்நோயைக் கண்டறிந்த வரலாறே உழைப்பின் வரலாறுதான். 1886இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் இதன் கடுமையான வடிவத்தை விவரித்தார். நோய்க்கிருமியை 1914–15ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்களான இனாடாவும் இடோவும் கண்டறிந்தது கியூஷூத் தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம். முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற படைவீரர்களையும், 1930களில் பிரிட்டனின் பாதாளச் சாக்கடைத் தொழிலாளர்களையும் அது பற்றியது. எங்கும் அது பற்றியது பிறர் பொருட்டு ஈரத்தில் நிற்க வைக்கப்பட்டவர்களையே.

தீவு சொல்லும் வரலாறு

பெங்களூரின் சாக்கடையில் கலங்கித் தெரியும் இவ்வுண்மையைத் தெளிவாகக் காண வேண்டுமெனில் வங்கக்கடலைத் தாண்டி அந்தமானுக்குச் செல்ல வேண்டும். இந்தியாவில் எலிக்காய்ச்சலின் வரலாறு தொடங்குவது அங்கேதான். வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றில் இந்நோய் மிகுதி. மழை மிகுந்த, வெப்பம் குறையாத மண் கிருமிக்கு ஏற்றது. கப்பலேறி வந்த எலியும் குடியேற்றத்தோடு வந்த கால்நடையும் அதைப் பெருக்கின. ஆனால் இயற்கை அமைத்த மேடையில் நாடகத்தை நடத்தியது பொருளாதாரம். காட்டை அழித்துத் தோட்டமும் வயலும் ஆக்குவதற்காகத் தீவுகளுக்கு உழைப்பாளிகள் பிடித்துவரப்பட்டனர்.

1858 மார்ச்சில் ஆங்கில அரசு போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பை நிறுவியது. முதல் விடுதலைப் போரில் தோற்றவர்களும் பின்னர் பல்லாயிரம் கைதிகளும் அங்குக் காடு வெட்டினர், சதுப்பைத் தூர்த்தனர், சாலை போட்டனர். கைதிகளின் மஞ்சள் காமாலை குறித்து 1903இலேயே போர்ட் பிளேரிலிருந்து மருத்துவ இதழொன்றில் கட்டுரை வெளிவந்தது. 1920களின் இறுதியில் டெய்லர், கோயல் என்னும் இரு மருத்துவ ஆய்வாளர்கள் அது லெப்டோஸ்பைரோசிஸ் என்று நிறுவினர். அவர்களது அறிக்கை 1931இல் அச்சாயிற்று. நோயுற்றவர்களுள் பெரும்பாலோர் நிலத்தில் உழைத்துத் தம்மைத் தாமே காத்துக்கொள்ள விடப்பட்ட கைதிகள். சிறைச் சுவருக்கு வெளியே விடப்பட்டது கருணையாகச் சொல்லப்பட்டது. அந்தக் கருணை அவர்களைச் சேற்றில் கொண்டுபோய் நிறுத்தியது. நுரையீரல் இரத்தக்கசிவின் அடையாளங்கள் அவ்வறிக்கையிலேயே காணப்படுவதைப் போர்ட் பிளேர் ஆய்வாளர்கள் பிற்காலத்தில் சுட்டிக்காட்டினர்.

நாடு விடுதலை பெற்றது. கைதிகளின் இடத்தில் குடியேறிகள் வந்தனர். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தோர் 1950களில் வட அந்தமானின் திக்லிபூர் முதலிய இடங்களில் காட்டைத் திருத்தி நெல் விளைவித்தனர். சோட்டாநாகபுரிப் பழங்குடியினர் ஏற்கெனவே காட்டுவேலைக்காகக் கொண்டுவரப்பட்டிருந்தனர். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் இறக்கப்பட்டன.

மறதியின் வர்க்கம்

1988 தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் பருவமழை ஓயும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வட அந்தமானில் ஒரு காய்ச்சல் பரவியது. வயலிலும் காட்டிலும் வேலை செய்தோர் இரத்தமாக இருமினர். காரணம் புரியாமல் அதற்கு ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று பெயரிட்டனர். 1993இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் போர்ட் பிளேர் மையம் அந்த மர்மத்தை அவிழ்த்தது. அது எலிக்காய்ச்சல்தான்.

அதே தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்து அச்சிட்டு வைத்த நோய், ஐந்து ஆண்டுகள் ‘மர்மக் காய்ச்சல்’ ஆக எப்படி உலவ முடிந்தது? அறிவியல் தோற்றதால் அன்று. 1993இல் விடை கண்டதும் அறிவியலே. நோயுற்றவர்கள் முன்பு கைதிகள், பின்பு அகதிகள், கூலிகள். அவர்களின் நோயை நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவை ஆளும் வர்க்கத்துக்கு இருந்ததில்லை. 1931ஆம் ஆண்டின் அறிக்கை நூலகத்தில் இருந்தது. நோய் வயலில் இருந்தது. இரண்டையும் இணைக்கும் மருத்துவமனையும் ஆய்வகமும் திக்லிபூரில் இல்லை. மறதிக்கும் வர்க்கம் உண்டு.

2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியது. காலனிய அடையாளத்தைத் துடைத்தெறிவதாகப் பெருமை பேசியது. காலனியம் அத்தீவுகளில் விட்டுச்சென்ற உண்மையான அடையாளம் எது? காட்டை அழித்து, வெளியிலிருந்து உழைப்பாளிகளைக் கொண்டுவந்து சேற்றில் நிறுத்தும் முறை. அதை இவ்வரசு துடைக்கவில்லை, பெருக்குகிறது. பெருநிக்கோபார்த் திட்டத்தில் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் பலியிடப்படுகிறது. ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வாழும் தீவில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றப் போவதாகத் திட்டம் சொல்கிறது. அந்தக் காட்டை வெட்டப்போகிறவர் எவர்? ஒப்பந்தக்காரன் கப்பலேற்றிக் கொண்டுவரும் ஜார்க்கண்டுக் கூலியும் வங்கத்துக் கூலியும் தமிழ்க் கூலியும்தான். ஷோம்பென் பழங்குடியினரின் உரிமையை எதிர்த்தரப்பு எழுப்புகிறது. அது சரி. அங்கே சேற்றில் இறங்கப்போகும் உழைப்பாளியின் உயிரும் அதே கேள்வியின் மறுபாதி.

வேறு தீவுகள், வேறு விடைகள்

தீவு என்றால் நோய் தலைவிதி என்று வாதிடுவோர் அருகிலுள்ள தீவைப் பார்க்க வேண்டும். 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் ஐயம் பதிவாகியது. ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். பெரும்பாலோர் நெல்வயலில் உழைப்பவர்கள். அங்கே நோய் இன்னும் ஒழியவில்லை. ஆயினும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்னும் அரசு ஊழியர் அங்கு இருக்கிறார். நடவுக்கும் அறுவடைக்கும் முன்னர் ஆபத்துள்ள விவசாயிக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரை இலவசமாகத் தரும் ஏற்பாடு இருக்கிறது. இலவச மருத்துவம் என்னும் பழைய மரபு, நெருக்கடிகளுக்கு நடுவிலும், அங்கு உயிர்களைத் தாங்கி நிற்கிறது.

கரீபியக் கடலில் இரண்டு தீவுகள் உள்ளன. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்டது. 2017 செப்டம்பரில் மரியா புயல் தாக்கியபின் மின்சாரமும் குடிநீரும் மாதக்கணக்கில் இல்லாமற்போன அத்தீவில் எலிக்காய்ச்சல் பெருகியது. புயலால் இறந்தவர் 64 பேர் என்று நெடுநாள் சாதித்த நிர்வாகம், பல்கலைக்கழக ஆய்வொன்றுக்குப் பின்னர் அதை 2,975 என்று ஏற்றுக்கொண்டது. உலகின் மிகப் பணக்கார அரசின் கொடியின்கீழ்தான் இது நடந்தது.

இன்னொரு தீவு கியூபா. பொருளாதார முற்றுகைக்கு நடுவிலும் ஹவானாவின் ஃபின்லே நிறுவனம் இந்நோய்க்கு மனிதர்களுக்கான தடுப்பூசியை உருவாக்கி 1990களின் இறுதியில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. கரும்புத் தோட்டத்திலும் சாக்கடையிலும் கால்நடைப் பண்ணையிலும் உழைப்போர் உள்ளிட்ட ஆபத்துள்ள பிரிவினர்க்கு அது உரியது. எல்லா வகைக் கிருமிக்கும் எதிராக அது காக்காது. அங்கு நிலவும் வகைகளுக்கே பொருந்தும். அதனால் அதை அப்படியே இறக்குமதி செய்துவிடவும் முடியாது. கவனிக்கத்தக்கது வேறு. பணம் இல்லாதவர்களைத் தாக்கும் நோய்க்குத் தடுப்பூசி செய்வதில் பன்னாட்டு மருந்து நிறுவனங்களுக்கு இலாபம் இல்லை. உழைப்பாளியின் உடலை நாட்டின் செல்வமாகக் கருதும் ஓர் அரசு அதைச் செய்தது.

நகரத்துக்குள் தீவுகள்

அந்தமானிலிருந்து பெங்களூருக்குத் திரும்பினால், கடலில்லாத இந்நகரத்திலும் தீவுகள் உண்டு. வர்த்தூர், மாரத்தஹள்ளி, பெல்லந்தூர்ப் பகுதிகளில் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே, ஏரிக்கரையின் தாழ்ந்த நிலத்தில், தகரத்தாலும் நீலப் பிளாஸ்டிக் விரிப்பாலும் ஆன குடியிருப்புகள். வடகர்நாடகத்தின் ராய்ச்சூர், யாதகிரி, கலபுரகி மாவட்டங்களிலிருந்தும் வங்கம், ஒடிசா, அசாமிலிருந்தும் வந்தவர்கள் அங்கு வாழ்கின்றனர். சேரிக்கு வடிகால் இல்லை. பிரித்தெடுக்கப்பட்ட குப்பை அங்கேயே குவிகிறது. மழைக்காலத்தில் நான்கு புறமும் நீர் சூழும். வெப்பமண்டலத் தீவின் இலக்கணம் அனைத்தும் அங்கே பொருந்தும்.

எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ராஜகாலுவைகள் ஏரியையும் ஏரியையும் இணைப்பதற்காக அமைந்தவை. ஏரிகள் மனைகளாயின. காலுவைகள் சாக்கடைகளாயின. மழைநீரும் கழிவுநீரும் கலந்தோடும் அந்த வாய்க்கால்களில் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் தூர்வாரும் ஒப்பந்தம் விடப்படுகிறது. இயந்திரம் நுழையாத சந்துகளில் மனிதன் இறக்கப்படுகிறான். அவன் எவன்? இந்நகரின் தூய்மைப் பணியாளரில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். தெலுங்கும் தமிழும் கன்னடமும் பேசும் அவர்களின் தாத்தாக்கள் செய்த வேலை பேரர்களின் கையிலும் ஒட்டிக்கொண்டது. இந்நோயில் வர்க்கத்தோடு சாதியும் சேர்ந்தே நிற்கிறது.

பெங்களூருக்கு எலி சுமந்துவந்த நோய் புதிதன்று. 1898இல் ரயிலேறி வந்த பிளேக் இந்நகரை உலுக்கியது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அதன் சாட்சிகள். அன்று வசதியுள்ளோர்க்கு மல்லேஸ்வரமும் பசவனகுடியும் காற்றோட்டமான தெருக்களோடு விரிந்தன. ஏழையின் நெருக்கடியான வீடு நோயின் இருப்பிடம் என்று இடிக்கப்பட்டது. எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தும் பழமொழியில் கொளுத்தியவன் தன் வீட்டையே கொளுத்தினான். அரசு கொளுத்துவது எப்போதும் அடுத்தவன் வீட்டை. 2020 ஜனவரியில் பெல்லந்தூரை அடுத்த கரியம்மன அக்ரஹாரத்தில் ‘வங்கதேசத்தவர்’ என்று பழிசுமத்திக் குடிசைகள் இடிக்கப்பட்டபோது, அதே பார்வைதான் வேறு உடையில் வந்தது. வடகர்நாடகத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் அவ்விடிப்பில் வீடிழந்தன. அவ்விடிப்பை உயர்நீதிமன்றம் கண்டித்தது.

குழிக்குள் இறந்தால் கணக்கு, வெளியே இறந்தால் காய்ச்சல்

பாதாளச் சாக்கடையில் இறங்கியவர் நச்சுவாயு தாக்கி அங்கேயே இறந்தால் அது மரணமாகவேனும் எண்ணப்படுகிறது. 2013ஆம் ஆண்டின் சட்டம் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்கிறது. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் கூறிய உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நெடிய போராட்டத்தின் பயன் அது. நடைமுறையில் அதைப் பெறவும் இன்னொரு போராட்டம் தேவைப்படுகிறது என்பது வேறு கதை.

அதே மனிதர் அதே குழியிலிருந்து உயிரோடு வெளியேறிப் பத்து நாள் கழித்து எலிக்காய்ச்சலால் இறந்தால்? ‘காய்ச்சலால் மரணம்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். வாயு ஒரு நிமிடத்தில் கொல்கிறது, கிருமி பத்து நாள் எடுத்துக்கொள்கிறது. ஒப்பந்தக்காரனைக் காப்பாற்ற அந்தப் பத்து நாள் போதும். காய்ச்சலுக்கும் குழிக்கும் தொடர்பில்லை என்று அவன் கையை விரிப்பான். வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத கூலியாளின் மனைவி எதைக் கொண்டு எதிர்வாதம் செய்வாள்?

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் லெப்டோஸ்பைரோசிஸ் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளது. பிரிட்டனின் பட்டியலிலும் இருக்கிறது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆந்த்ராக்ஸ் உண்டு, எலிக்காய்ச்சல் இல்லை. 29 சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி, தொழிலாளர் சட்டங்களை நவீனப்படுத்திவிட்டதாக மோடி அரசு மார்தட்டுகிறது. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்ததாக அறிவித்தது. அத்தொகுப்பின் நோய்ப் பட்டியல் பழைய பட்டியலின் நகல். வேலைநேரத்தை நீட்டவும் வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கவும் நவீனம் தேவைப்பட்டது. சாக்கடைத் தொழிலாளியின் நோய்க்கு அட்டவணையில் ஒரு வரி சேர்க்க நவீனம் தேவைப்படவில்லை.

சட்டத்தில் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. தொற்று ஏற்படும் தனிப்பட்ட ஆபத்துள்ள வேலையில் வந்த தொற்றுநோயைத் தொழில்நோயாகக் கருதலாம் என்ற பொதுவான வாசகம் 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. நோயின் பெயர் சொல்லப்படாததால் நிறுவும் சுமை தொழிலாளியின் தலையில் விழுகிறது. ஆயினும் வாசல் இருக்கிறது. அதைத் தட்டுவது தொழிற்சங்கத்தின் கடமை.

மூன்று மறுமொழிகள்

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தால் அதிகார வர்க்கத்திடமிருந்து மூன்று மறுமொழிகள் வரும்.

முதலாவது, தனிமனிதச் சுகாதாரம். கைகால் கழுவ வேண்டும், காயத்தை மூட வேண்டும், தேங்கிய நீரில் நடக்கக்கூடாது என்று சுவரொட்டி அறிவுரைக்கும். அறிவுரையில் தவறில்லை. ஆனால் தேங்கிய நீரில் நிற்பதையே வேலையாகப் பெற்றவரிடம் அதைச் சொல்வது ஏளனம். வேலை முடிந்து கழுவுவதற்குக் குழாயும் உடைமாற்ற ஓர் அறையும் எங்கே என்ற கேள்விக்குச் சுவரொட்டியில் விடை இல்லை.

இரண்டாவது, மாத்திரை. வட அந்தமானில் நடந்த ஆய்வொன்றில் வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் உட்கொண்டவரிடையே நோய் வெளிப்பட்ட அளவு, உட்கொள்ளாதவரிடையே காணப்பட்டதில் பாதிக்கும் குறைவு. கிருமி தொற்றுவதை அது தடுக்கவில்லை, நோய் முற்றுவதைக் குறைத்தது. ஆகவே வெள்ளக் காலத்தில் மாத்திரை தருவது சரி, அதைக் கேட்டுப் பெறவும் வேண்டும். ஆயினும் மாத்திரையைக் கையில் திணித்துவிட்டு அதே குழியில் அதே வெறுங்காலோடு ஆண்டு முழுவதும் இறக்கிவிட அது உரிமம் ஆகாது.

மூன்றாவது, நிதியில்லை என்னும் பல்லவி. ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டு வரை ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சுரங்கச்சாலைக்கு 17,000 கோடிக்கு மேல் செலவிடக் கர்நாடகத்தின் காங்கிரஸ் அரசு முனைகிறது. கார்கள் மண்ணுக்கடியில் விரைந்து செல்ல இத்தனை கோடி. மண்ணுக்கடியில் இறங்கும் மனிதனுக்கு முழங்கால்வரை உயர்ந்த காலணிக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் நிதியில்லை! 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டுப் பெருநகர ஆணையத்தின்கீழ் வந்தது. பெயர்ப்பலகைகள் ஐந்தாயின. முன்பு பாஜக ஆண்டபோதும் இன்று காங்கிரஸ் ஆளும்போதும் வடிகாலை விழுங்கிய நில வணிகரின் முன் ஆட்சி வளைந்தே நிற்கிறது.

1845இல் எங்கெல்ஸ் மான்செஸ்டரின் இர்க் ஆற்றங்கரைக் குடியிருப்புகளை விவரித்த நூலில், இன்ன நிலையில் வாழ்ந்தால் இறப்பர் என்று அறிந்தும் அந்நிலையிலேயே மக்களை வைத்திருப்பதற்குச் சமூகக் கொலை என்று பெயரிட்டார். அறியாமல் நேர்வது விபத்து, அறிந்தும் தொடர்வது கொலை என்பதே அவரது வாதத்தின் சாரம். எலிக்காய்ச்சல் குறித்து இந்திய அரசு அறியாதது எதுவும் இல்லை. 12ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலேயே கர்நாடகமும் தமிழ்நாடும் அந்தமானும் உள்ளிட்ட பகுதிகளுக்கென எலிக்காய்ச்சல் தடுப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. தேசிய ஆய்வு மையம் போர்ட் பிளேரில் இருக்கிறது. கால்நடை நோய்ப்பரவல் குறித்த தேசிய நிறுவனம் இதே பெங்களூரின் எலஹங்காவில் இருக்கிறது. நகரின் வடமுனையில் மாட்டின் குருதியில் இக்கிருமியைத் தேடும் ஆய்வகம், தென்கிழக்கில் அதே கிருமி கலந்த நீரில் நிற்கும் மனிதர்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு முப்பது கிலோமீட்டர் அளவில்தான். அதைக் கடக்க விடாமல் நிற்பது அறிவின்மை அன்று.

செய்ய வேண்டியவை

பெங்களூரில் 2022 ஜூலையில் தூய்மைப் பணியாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் ஓர் உண்மையை நிலைநாட்டியது. குப்பை நான்கு நாள் தேங்கியதும் அரசு பேச வந்தது, பணிநிரந்தரத்துக்கு வாக்களித்தது. அப்போராட்டத்தின் பயன் படிப்படியாகப் பலருக்குக் கிடைத்திருக்கிறது. வடிகால் தூர்வாருவோர், குப்பை வண்டியின் சுமையாளர், அடுக்குமாடிகளின் ஒப்பந்தத் துப்புரவாளர் எனப் பெருந்தொகையினர் இன்னும் வெளியே நிற்கின்றனர். கோரிக்கைப் பட்டியலில் ஊதியமும் நிரந்தரமும் முதலிடம் பெறுவது இயல்பு. நோய் பெரும்பாலும் கடைசி வரியாக நிற்கிறது, அல்லது விடுபட்டுப் போகிறது. இடதுசாரித் தொழிற்சங்கங்களும் இக்குறைக்கு விலக்கல்ல.

அக்குறை நீங்க வேண்டும். எலிக்காய்ச்சல் தொழில்நோய் அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். சாக்கடை, வடிகால், குப்பை, இறைச்சிக்கூடம், நெல்வயல் ஆகியவற்றில் உழைப்போர்க்கு இந்நோய் வந்தால் அது வேலையால் வந்ததென்றே கொள்ள வேண்டும். அன்றெனில் நிறுவும் சுமை வேலைகொடுப்பவனுடையது ஆகட்டும். ஒவ்வொரு காய்ச்சல் நோயாளியின் சீட்டிலும் அவர் செய்யும் தொழில் எழுதப்பட வேண்டும். நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இதற்கான பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். முடிவு வரும்வரை காத்திராமல் மருந்து தொடங்கப்பட வேண்டும். காய்ச்சல் நாட்களுக்கு முழுக்கூலி வேண்டும். கூலி போகும் என்ற அச்சத்தில் மூன்றாம் நாள் வரவேண்டியவர் ஏழாம் நாள் வருகிறார், மலிவான மருந்து அதற்குள் பயனற்றுப் போகிறது.

கோரிக்கை மனுவோடு இது முடிந்துவிடாது. கட்சிக் கிளைகள் உள்ள பகுதிகளில் மழைக்காலத்துக்குப் பின் வீடு வீடாகச் சென்று ஒரு பதிவேடு தயாரிக்க முடியும். எவருக்குக் காய்ச்சல், எத்தனை நாள், எந்த வேலை, எந்த ஒப்பந்தக்காரன், எத்தனை கூலி போயிற்று. இந்த ஐந்து வினாக்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஆய்வகம் இல்லாமல் எது எலிக்காய்ச்சல் என்று தீர்மானிக்க இயலாது. ஆனால் ஒரே வடிகாலில் இறங்கிய பத்துப் பேரில் நால்வர் ஒரே வாரத்தில் படுத்தனர் என்ற பதிவு மருத்துவரைப் பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்தும், ஒப்பந்தக்காரனைத் தொழிலாளர் ஆணையரின் முன் நிறுத்தும். அந்தமானில் அறுபது ஆண்டுகள் நீடித்த மறதி இங்குத் தொடராமலிருக்க அந்தப் பதிவேடு தேவை.

ஒரு மழைநாளின் இழப்பை 225 கோடி என்று முதலாளிகளின் சங்கத்தால் எழுத முடிந்தது. அதே மழையின் இன்னொரு கணக்கைத் தொழிலாளர்களின் சங்கம் எழுதட்டும்.